புளி போட்டுத் தேய்த்த சில்லறை

காசுக் கணக்கை நான் கரும்பலகையில் நடத்தியதே கிடையாது. வட்டம் போட்டு உள்ளே ஐம்பது என்று எழுதினால் பிள்ளைகளுக்கு அது தோசையாகத்தான் தெரியும். சம்பளத்தில் ஐந்து ரூபாய்க்குச் சில்லறை மாற்றி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஒரு பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். இரண்டாம் வகுப்பைத் தரையில் உட்கார வைத்து, நடுவில் ஒரு ரூபாயை வைப்பேன். "இதே அளவுக்கு வேற காசுல வைங்க பாப்போம்." ஒருவன் இரண்டு எட்டணா வைப்பான், இன்னொருத்தி நாலு நாலணா.

ஒருத்தி மட்டும் நம்பவே மாட்டாள். இந்தப் பக்கம் ஒற்றை ரூபாய், அந்தப் பக்கம் பத்துப் பைசா பத்து. எது வேணும் என்றால் இரண்டு கையாலும் குவியலை வாரிக்கொள்வாள். "இதுதான் டீச்சர் நிறைய!" அவளோடு மல்லுக்கட்டி என் தொண்டை வற்றிப்போகும்.

அவள் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அம்மா எது செய்தாலும் தெருவே அதைச் செய்யும், ஜாக்கெட் தைப்பது உட்பட. பாபநாசத்திலிருந்து இங்கிலீஷ் பள்ளி வேன் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்த வருஷம் அது. எங்களுடையது இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஊராட்சிப் பள்ளி. இன்னும் நாலு பிள்ளை குறைந்தால் இரண்டாவது போஸ்ட் போய்விடும் என்று அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது போஸ்ட் நான்தான். உபரி என்று சொல்லி நாகப்பட்டினம் பக்கம் தூக்கிப் போட்டால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

பொங்கல் கழிந்து அந்த அம்மா வீடு தேடி வந்தார்.

"டீச்சர், இவளுக்குக் காசுக் கணக்கு சுத்தமா வரல. சாயங்காலம் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். ஃபீஸ் தந்துடறேன்."

"ஃபீஸெல்லாம் வேணாங்க. பிள்ளைய இங்கேயே படிக்க விடுங்க, அது போதும்."

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லிட்டீங்க! உங்கள விட்டுட்டு எங்க போகப் போறா? அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் உங்க பொறுப்புதான்."

நம்பினேன், பைத்தியக்காரி மாதிரி. தினமும் சாயங்காலம் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, அவளுக்கு முறுக்கும் காபியும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டிலும் பழகட்டும் என்று டப்பாச் சில்லறை முழுவதையும் கொடுத்தனுப்பினேன். ஒருநாள் ஒரு ரூபாயை மூன்று விதமாக அடுக்கிவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் டீச்சர்!" என்றாள். அப்படியே கட்டிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று வாய்க்கால் மதகுப் பக்கம் வேன் நின்றது. கழுத்தில் டை கட்டிக்கொண்டு அவள் ஏறினாள். பின்னாலேயே அந்தத் தெருப் பிள்ளைகள் நாலு பேர். நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், அவங்க அப்பா ஃபோன்ல ஒத்தக் கால்ல நிக்கிறார். அங்க டெஸ்ட்ல காசுக் கணக்குதான் கேட்டாங்களாம், டாண் டாண்ணு சொல்லிட்டா. எல்லாம் உங்க புண்ணியம்!"

"அப்ளிகேஷன் எப்பப் போட்டீங்க?"

"அது பொங்கலுக்கு முன்னாடியே போட்டாச்சு."

போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார். என் முறுக்கைத் தின்ன வைத்து, என் காசிலேயே பழக்கி, என் வேலைக்கு உலை வைத்தாயிற்று. இதில் நன்றி வேறு! அவர் முகத்தில் துளி சங்கடமில்லை. காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மாறுதல் உத்தரவு வந்து, கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். டையைக் கழற்றவில்லை. தடித்த ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினாள்.

"உங்க காசு டீச்சர். அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"நான் குடுத்த சில்லறை எங்கடி?"

"அத மிட்டாய் வாங்கித் தின்னுட்டேன். இதுவும் அதே அஞ்சு ரூபாதானே டீச்சர்? ஒண்ணுதானே?"

பவுடர் டப்பா என் மடியில் காலியாகக் கிடந்தது. இல்லையடி, ஒன்றில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வகுப்பில் விடை சொல்லிவிட்டு நிற்பதுபோல.

"ஒண்ணுதான்" என்றேன். "சரியாச் சொன்ன."