ஆறு வீட்டுச் சளி

நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கைப்பையைத் திறந்தபடி மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் பாலில் மட்டும் பெயரும் தேதியும் எழுதி, எவ்வளவு மிச்சம் என்று பேனாவால் கோடும் போட்டு வைப்பார்கள். வந்த புதிதில் அந்தக் கோடு எனக்காகத்தான் போடப்பட்டதோ என்று மனம் புழுங்கினேன். நான்கு வருடமாகியும் முழுசாகத் தெளியவில்லை. நான் கொஞ்சம் அப்படித்தான். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், இவருக்கு என்ன வேண்டுமாம் என்று யோசிக்கிற ஆள். உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

என் வேலை சளி. இருமல் உள்ளவர்களின் சளியில் இருக்கும் கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அது எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்க்கிறோம். பல நாடுகளிலிருந்தும் சிறு குழாய்கள் வரும். அவற்றில் பெயர் இருக்காது. ஓர் எண், ஆணா பெண்ணா, வயது, ஊர்ப்பக்கம், அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் வந்த பெட்டியில் இலங்கை, பதுளை மாவட்டம், பூனாகலை என்று இருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், அந்தப் பக்கம்தான். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். யார் எதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வார்களோ.

குழாய்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டனவா என்று அறிய, சளியோடு வரும் மனித டி.என்.ஏ.வையும் லேசாகச் சரிபார்ப்போம். அதில் ஆறு குழாய்கள் ஒரே ஆளுடையவை என்று வந்தது. நான்கில் ஆண் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்ததோ ஒரு பெண். நோய்க்கிருமி எதுவுமில்லாத நல்ல ஆரோக்கியமான சளி. எங்கள் குழுத்தலைவி இங்ரிட் என்னைக் கூப்பிட்டு, கோப்பி ஊற்றிக் கொடுத்து, மிக மென்மையாகக் கேட்டார்: "ஒரு குழாயில் இருந்ததை நீ தவறுதலாக மற்றவற்றில் கலந்திருக்கலாம், இல்லையா?" எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஒன்றைச் சொன்னால் முதலில் தலையாட்டுவோம்; நம் நியாயத்தைப் பிறகு மெல்ல எடுத்துவைப்போம். நானும் "இருக்கலாம்" என்றேன். அவர் உடனே அதைக் கணினியில் எழுதிக்கொண்டார். என் நியாயத்துக்கு இடமே கிடைக்கவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இருந்த நேரம் அது.

மேசைக்குத் திரும்பி அந்த ஆறு எண்களையும் மறுபடி பார்த்தேன். நான் எதையும் கலக்கவில்லை. ஆனால் இப்படி எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பதினான்கு வயதில் நானே மூன்று வீட்டுக்குத் துப்பியிருக்கிறேன். சளி எடுக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்து, நாளைக்குக் காலையில் கொண்டு வாங்க என்பார்கள். நோய் என்று வந்துவிட்டால் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடமாட்டார்கள் என்பது லயம் முழுக்க இருந்த பயம். பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒதுங்குவது வேறு. ஆகவே லயத்து ஆட்கள் நெஞ்சில் கோளாறு இல்லாத, ஆனால் தடிமன் பிடித்து மூக்கொழுகும் ஒருத்தரைத் தேடிப் பிடிப்பார்கள். அந்த வருடம் அது நான். "ஒனக்குப் புண்ணியமாப் போகும், காறித் துப்பு புள்ள" என்று பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா புருஷனுடைய டப்பாவை நீட்டினார். எனக்கும் ஒரே சிரிப்பு. அடுத்த வருடம் அந்தப் புருஷன் இரத்தமாக இருமிச் செத்துப்போனார்.

மத்தியான இடைவேளையில் வாட்ஸ்அப்பில் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, போன தடவ சளி எடுக்க வந்தாங்களே, நம்ம லயத்துல யாரு துப்புனது?"

"ஏன் கேக்குற? யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் வேல செய்யிற எடத்துக்குத்தான் வந்திருக்கு. ஆறும் ஒரே ஆளு."

"ஆத்தாடி! அதக்கூடவா கண்டுபுடிப்பீங்க?"

அவர் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்டது. அடி நெஞ்சிலிருந்து வரும், நீளமான இருமல். அண்ணன்.

"நான்தான் துப்புனேன்" என்றார் அண்ணி. "ஆறு வீட்டுக்கும். ஒங்கண்ணனுக்கும் சேத்து. பேக்டரியில நிப்பாட்டிட்டா சோத்துக்கு என்னா பண்றது?"

"நான் சொல்லித்தான் ஆகணும் அண்ணி. இப்பிடியே விட்டா அண்ணன் செத்துருவாரு."

"சொல்லுவ, சொல்லுவ. நீ இப்ப அவங்க ஆளுதானே. சொன்னியன்னா எங்க மொகத்துல முழிக்காத."

இரண்டு நாள் எனக்கு என் மேலேயே சந்தேகம். அண்ணனைக் காப்பாற்றச் சொல்லப்போகிறேனா, இல்லை என் வேலையைக் காப்பாற்றவா? இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் இங்ரிடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மாதிரி கொடுத்தவர் யார் என்று தேடியது விதிமீறல், அதிலும் அவர்கள் உன் குடும்பம், இனி அந்தப் பெட்டியை நீ தொடக்கூடாது என்று அதே மென்மையோடு சொல்லி, அந்த அறைக்கான என் அனுமதியை நிறுத்தினார். ஆறு பேரிடமும் மறுபடி சளி எடுக்கச் சொல்லி இலங்கைக்கு எழுதுவதாகவும், தோட்ட நிர்வாகத்துக்குத் தகவல் போகாது என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. கழிப்பறைக்குப் போய் அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

இந்த முறை கண்ணெதிரே இருமச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேருக்குக் காசநோய், அதில் அண்ணன் ஒருவர். பதுளையில் மாத்திரை தொடங்கிவிட்டார்கள். வேலைக்கு இப்போதைக்குப் போக முடியாது. அண்ணி என் அழைப்பை எடுப்பதில்லை. சந்தையில் கண்டால் கூட என் கூட்டாளிகளோடு பேசுவதில்லையாம்.

நேற்றுப் பகல் அண்ணன் யாருடைய போனிலிருந்தோ பேசினார்.

"தங்கச்சி, இந்தத் தடவ நான்தான் துப்புனேன். எனக்குக் குடுக்கிற மருந்து சரியா வருமான்னு பாக்க அங்கதான் அனுப்பியிருக்காங்களாம். இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்க இல்ல. நீ சொன்னா நம்புறேன். ஒங்கையாலதானே செய்யிற?"

பெட்டி அன்று காலையில்தான் வந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கூட வேலை செய்யும் பெண் கையுறை மாட்டிக்கொண்டு குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அதில் எது என் அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியக்கூடாது. என் அட்டைக்கு அந்தக் கதவு திறக்காது.

"ஆமாண்ணே" என்றேன், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி. "என் கையாலதான்."