மண்புழுவுக்கு ஐந்து மதிப்பெண்

தொண்ணூறுகளின் நடுவில் வேங்கிக்காலில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். என் மகள் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள். பிறந்ததுமே ஆபரேஷன் செய்தும் இடுப்புக்குக் கீழே அசைவு வரவில்லை. இவள் நடக்கமாட்டாள் என்று வேலூரில் டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஒரு வயது. எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது, உட்கார்ந்து வந்தேன். அதன்பிறகு மாதக்கணக்கில் எதுவுமே உறைக்கவில்லை. சாம்பாரில் உப்பு இல்லையென்று கணவர் சொன்னால்தான் தெரியும்.

பக்கத்து வீட்டம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து நிற்பார். "மலையைச் சுத்துங்க டீச்சர், கொழந்த நடந்துடும்" என்பார். சுற்றினேன். பதினான்கு கிலோமீட்டரும் நடந்தவை என் கால்கள்தான்.

அந்த அரையாண்டுக்கு, முதுகெலும்பற்றவை எப்படி இடம்பெயர்கின்றன என்று பாடம். நத்தை தன் ஒற்றைப் பாதத்தை அலையலையாகச் சுருக்கிச் சளியின் மேல் வழுக்கிப் போகும். நட்சத்திர மீன் குழாய்க் கால்களில் நீரை நிரப்பி நகரும். ஜெல்லி மீன் தன் குடையைச் சுருக்கி நீரைத் தள்ளும். முதுகெலும்பே இல்லாத இத்தனையும் ஊர் சுற்றுகின்றனவே என்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. போர்டில் எழுதிப் போட்டுவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தேன்.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். மார்க்கைக் குறைக்கச் சொல்லி வந்தவள் என் அனுபவத்தில் இவள் ஒருத்திதான்.

"மிஸ், படிக்காம தோணினத எழுதினேன். அதுக்கு அஞ்சு மார்க் போட்டுட்டீங்க."

வாங்கிப் பார்த்தேன். 'மண்புழுவுக்கு முதுகெலும்பு இல்லாததால் நகர முடியாது.' பக்கத்தில் என் சிவப்பு டிக். அவசரத்தில் போட்டதில்லை. படித்து, சரியென்று நம்பித்தான் போட்டிருந்தேன்.

"அப்ப எப்படித்தான் நகருது மிஸ்?"

"அடியில சின்னச் சின்ன முள்ளு இருக்கு. உடம்ப நீட்டி, முன்பக்கத்த தரையில ஊனிக்கும். அப்புறம் பின்பக்கத்த இழுத்துக்கும்."

மேசைமேல் முழங்கையை ஊன்றிக் காட்டினேன். காட்டும்போதே கை நின்றுவிட்டது. வீட்டில் மகள் செய்வதும் இதேதான். முழங்கையை ஊன்றி உடம்பை ஒரு ஜாண் இழுப்பாள். தோல் தேய்ந்துவிடுமே என்று, பாயைத் தாண்டுவதற்குள் தூக்கி மறுபடி நடுவில் படுக்க வைத்துவிடுவேன். அவளை நகரவிடாமல் வைத்திருந்தவள் நான். அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

ஐந்தை அடித்துப் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் "தாங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மகளைத் தரையில் விட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள். ஊன்றினாள், இழுத்தாள். கணவர் தூக்க ஓடி வந்தார்.

"விடுங்க, வரட்டும்" என்றேன்.

வெகுநேரம் ஆயிற்று. வந்து என் கால் விரலைப் பிடித்தாள். அவள் முழங்கை இரண்டும் சிவந்திருந்தன. வேலூரிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக எனக்கு வலித்தது.