‘போக மாட்டார்’ என்று எழுதினேன்

எங்கள் கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் கிளம்பும். கேம்ப் ரோட்டில் நான் ஏறும்போது ஏழு இருபது ஆகிவிடும். நான் டீம் லீடாக இருந்த அந்த வருடங்களில், ஒன்பது பேர் கொண்ட என் டீமில் ஆறு பேர் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகராமல் நிற்கும்போது அன்றைய வேலையில் பாதியை அங்கேயே பேசி முடித்துவிடுவோம். மிச்ச நேரத்தில் யார் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், எந்தக் காலனியில் நாய்த் தொல்லை என்று பேச்சு ஓடும். சோழிங்கநல்லூர் வந்து இறங்க மனசே வராது.

பெரிய கம்பெனி. கட்டடத்துக்குள் வழி தவறியவர்களை நானே இரண்டு மூன்று முறை கூட்டிப்போய் விட்டிருக்கிறேன். எங்கள் டீமின் வேலை, ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய மென்பொருளைப் பழுது பார்த்துக்கொண்டே இருப்பது. எப்போதோ யாரோ எழுதியது. ஒன்றைச் சரி செய்தால் அடுத்த வாரம் வேறொன்று கிளம்பும். அதைப் பயன்படுத்துகிற ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

டீமின் மூத்த டெஸ்டரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் கணவர் முடிச்சூர் சாலையில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். நான் வேலையில் சேர்ந்தபோதே அக்கா அங்கே மூன்று வருடம் முடித்திருந்தார். பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது, அவருக்கு வரவில்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் லீடான பிறகும் ‘தம்பி’ என்பதை அவர் விடவில்லை. மழைக்காலத்தில் முடிச்சூர் சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அப்போதும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பஸ் ஏறிவிடுவார்.

அந்த வருடம் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். எங்கள் மாடியில் வாரத்துக்கு ஒருவராவது பேப்பர் போட்டார்கள். கேக் வெட்டி வழியனுப்பி அலுத்துவிட்டது. பஸ் டிரைவர் அண்ணாவே ஒருநாள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னா சார், முன்னாடிலாம் நிக்க எடம் இருக்காது. இப்போ பாதி சீட்டு காலியா கீது. உங்க ஆபீஸ்ல எதுனா பிரச்சினையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா” என்றேன்.

மேலிடத்தில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பாடுகள் வந்தன. மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் படம் மாட்டினார்கள். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட் கொடுத்தார்கள். கேண்டீன் பக்கத்தில் கேரம் போர்டு வந்தது. கேரம் போர்டில் எங்கள் மாடியிலேயே நன்றாக ஆடியவர் அடுத்த மாதம் போய்விட்டார்.

பிறகுதான் என் மேனேஜர் அந்த வேலையைக் கொடுத்தார். குரோம்பேட்டைக்காரர், நல்ல மனிதர், அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. “உங்க டீம்ல யார் யார் போக வாய்ப்பு இருக்குன்னு ஒரு ஷீட் போடுங்க. போயிடுவாங்கன்னா சிவப்பு, சந்தேகம்னா மஞ்சள், கண்டிப்பா இருப்பாங்கன்னா பச்சை. காரணத்தையும் எழுதிடுங்க. சிவப்பைத்தான் முதல்ல கவனிக்கப் போறோம்” என்றார்.

ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன். பெங்களூரு வேலை பற்றியே பேசுகிற இரண்டு பேருக்குச் சிவப்பு. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு மஞ்சள். அக்காவுக்கு யோசிக்கவே இல்லை, பச்சை. காரணம் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: கணவருக்குத் தாம்பரத்தில் கடை. பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். எதையும் கேட்க மாட்டார். போக மாட்டார்.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தவறு நடந்தது. ரிலீஸ் ஷீட்டைத் திறப்பதாக நினைத்து அந்த ஷீட்டைத் திறந்துவிட்டேன். புரொஜெக்டரில் சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் விழுந்தன. பதறி மூடுவதற்குள் ஐந்தாறு நொடி ஆகிவிட்டது. அக்காவின் பெயர்தான் முதல் வரிசையில் இருந்தது. அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. படித்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறமும் அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பஸ்ஸில் எங்களோடு பின்னால் உட்காராமல் டிரைவருக்குப் பின் சீட்டுக்கு மாறிவிட்டார். கேட்டால், பின்னால் தூக்கிப் போடுகிறது, முதுகு வலிக்கிறது என்றார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் அவருடைய ராஜினாமா மெயில் வந்தது.

அன்று மாலை பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்த ஷீட்டைப் பார்த்துட்டுதானாக்கா?”

பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“போன வருஷமே ஒரு இடத்துல கூப்பிட்டாங்க தம்பி. பெருங்குடில சின்ன கம்பெனி, ஆஸ்பத்திரிங்களுக்கு சாஃப்ட்வேர் பண்றாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். இந்த டீமை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு இருந்துச்சு. அவர்கூட வீட்ல திட்டினாரு, வர்ற வாய்ப்பை விடறியேன்னு.”

“அப்புறம் ஏன்கா இப்ப?”

“நான் போகாததுக்குக் காரணம் நீங்கள்லாம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். நீ எழுதினதைப் பார்த்தா, கடையும் பிள்ளைங்களும்தான் என்னைக் கட்டிப் போட்டிருக்குன்னு இருக்கு. அதைத்தான் தாங்க முடியல.”

“மன்னிச்சுடுங்கக்கா” என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

“சரி விடு” என்றார். பஸ் மேடவாக்கத்தில் நின்றுவிட்டது. நான் மறுபடி கேட்டேன். “என்ன வேணும்னு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

அவர் சிரித்தார். “கிளையண்ட்டோட போன் கால்ல ஒரு தடவையாவது பேசணும்னு ஆசை இருந்துச்சு. பத்து வருஷமா நான் எழுதற ரிப்போர்ட்டை உங்கள்ல வேற யாராவதுதான் அங்க படிக்கிறீங்க. அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு நான்னு ஒருத்தி இருக்கறதே தெரியாது.”

மறுநாள் மேனேஜரிடம் போனேன். சம்பளத்தை ஏற்றலாம், பதவியும் கொடுக்கலாம் என்று அரை மணி நேரத்தில் அனுமதி வாங்கிவிட்டார். நான் அதை அக்காவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. “இதெல்லாம் போன வாரம் எங்க இருந்துச்சு தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். நோட்டீஸ் காலத்தின் முதல் புதன்கிழமை கிளையண்ட் காலில், ரிப்போர்ட்டை அக்காவே விளக்குவார் என்று சொல்லிவிட்டேன். முதல் இரண்டு நிமிடம் அவர் குரல் நடுங்கியது. பிறகு எங்கள் யாருக்கும் தெரியாத விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தார். எந்தப் பிழை எதிலிருந்து வருகிறது, எதைத் தொட்டால் எது உடையும் என்று. அந்தப் பக்கத்தில் இருந்த பெண்மணி இடைமறித்து, “இத்தனை வருடம் இந்த ரிப்போர்ட்டுகளை எழுதியது நீங்களா? எங்கள் ஊரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இவற்றைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறோம்” என்றார். அன்று மாலை பஸ்ஸில் அக்கா பின் சீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்மணி சொன்னதை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நாங்கள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டோம். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கடைசி நாளன்று கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதிலாக, வீட்டிலிருந்து ஒரு பெரிய டேக்சாவில் நெய்ச்சோறும், தூக்கில் கறியும் பருப்பும் போட்ட தால்சாவும் கொண்டுவந்தார். டீமில் இரண்டு பேர் கறி சாப்பிட மாட்டார்கள் என்று அவர்களுக்குக் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுத் தனித் தூக்கில் தால்சா. ஆனால் வாசலில் செக்யூரிட்டி விடவில்லை. மொத்தமாக வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாதாம். நான் மெயில் காட்டிக் கெஞ்சிப் பார்த்தேன். மேனேஜர் போன் செய்து பார்த்தார். நடக்கவில்லை.

டிரைவர் அண்ணாதான் வந்து, “ஏன் சார் பேஜாராவுறீங்க? என் வண்டி சும்மாதானே நிக்கிது. அங்க வந்து சாப்புடுங்க” என்றார்.

மதியம் ஒன்பது பேரும் பார்க்கிங்கில் நின்ற பஸ்ஸில் ஏறினோம். டேக்சாவைக் கடைசிச் சீட்டில் வைத்து அக்கா பரிமாறினார். டிரைவர் அண்ணாவுக்கு இரண்டாம் முறையும் வைத்தார். ஏசி போடாத பஸ், எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. யாரோ பாட, யாரோ அதை நிறுத்தச் சொல்லிக் கத்த, ஒரு மணி நேர இடைவேளை இரண்டு மணி நேரமாகிவிட்டது. நடுவில் மேனேஜரும் வந்து படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். “இப்படி ஒண்ணை நம்ம ஆபீஸ்ல ஏன் நடத்த முடியல?” என்று அவர் கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த முறை அந்த ஷீட்டைக் கேட்டபோது எல்லாப் பெயருக்கும் சிவப்பு போட்டுக் கொடுத்தேன்.

“என்னங்க, எல்லாரும் சிவப்பா?”

“யாரு வேணா போகலாம் சார். எங்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு அவங்களுக்கு என்ன இருக்கு?”

அவர் அதை அப்படியே மேலே அனுப்பினாரா என்று தெரியாது. நான் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலையூரில் தனியாகத் தங்கியிருந்த பையன், பழுது பார்க்கிற வேலை போதும், வாரத்தில் ஒரு நாளாவது புதிதாக ஏதாவது எழுதவேண்டும் என்றான். ஷீட்டில் நான் மஞ்சள் போட்டிருந்த பெண், மாலை ஆறு மணி மீட்டிங்கை நாலு மணிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள். அவ்வளவுதான். இரண்டையும் செய்ய முடிந்தது. அவர்கள் இருவரும் போகாமல் இருந்தார்கள். பெங்களூரு வேலை பற்றிப் பேசிய இருவரும் எப்படியும் போனார்கள், அதில் என்னால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிறகு கொரோனா வந்தது. பஸ்ஸை நிறுத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் வேலை மொத்தமும் வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆளுக்கொரு டீமாகப் பிரித்துப் போட்டார்கள். அடுத்த வருடம் நானும் பேப்பர் போட்டேன்.

இப்போது வேறு கம்பெனி. வாரத்தில் மூன்று நாள் வீட்டில், இரண்டு நாள் ஆபீஸ். காரில் தனியாகப் போகிறேன். மேடவாக்கத்தில் நெரிசல் மட்டும் அப்படியே இருக்கிறது. பேச ஆள் இல்லாததால் அது இன்னும் நீளமாகத் தெரிகிறது.

சென்ற மாதம் அக்கா போன் செய்தார். எங்களை விட்டு அவர் போய்ச் சேர்ந்த அந்தப் பெருங்குடி ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் கம்பெனியில் இப்போது அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர்.

“என் டீம்ல ஒரு பொண்ணு நேத்து பேப்பர் போட்டுட்டா தம்பி. எனக்கு ஒரு சின்ன சந்தேகம்கூட வரல. தினமும் எம் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா.”

“ஏன்னு கேட்டீங்களாக்கா?” என்றேன்.

“கேக்கப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு.”

அப்புறம் அவர் பெரிய மகள் கல்லூரியில் சேர்ந்ததைச் சொன்னார். என் மகன் கணக்கில் வாங்கிய மார்க்கைக் கேட்டுத் திட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொன்னார். வருகிறோம் என்றேன். முடிச்சூர் சாலையில் மழை பிடித்துக்கொண்டது, மாடியில் துணி காய்கிறது என்று சொல்லி போனை வைத்தார்.