எக்ஸ்ரேயில் தெரியாத கீறல்

எங்கள் தெருவில் யாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் காலால் நீவிவிட்டால் சுளுக்கு போய்விடும் என்று நம்புகிறார்கள். எனக்குக் கூச்சம்தான். ஆனால் மறுத்துப் பேச வராது.

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தபோது, கடைசி சீட்டிலிருந்த என் மனைவியை ஒரு வேகத்தடை தூக்கிப் போட்டது. அவள் கீழே விழவில்லை. சீட்டில்தான் தொப்பென்று உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே வலி. சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, தைரியமாக நடக்கட்டும் என்றார்கள்.

“எலும்பு நல்லா இருக்குதுன்னா சுளுக்குதான்,” என்றாள் எதிர்வீட்டு அக்கா. “வூட்லயே ஆளை வச்சிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுறியே மா!”

“ஊருக்கெல்லாம் நீவுறீங்க, எனக்குன்னா மட்டும் இன்னாங்க வெக்கம்?” என்று மனைவியும் சிரித்தாள்.

குப்புறப் படுத்தாள். பாதத்தை மெல்லத்தான் வைத்தேன். அவள் அலறிய அலறலில் அக்கா பயந்துபோய்த் தன் வீட்டுக்கே ஓடிவிட்டாள்.

மறுநாள் வேறு டாக்டரிடம் போனோம். அவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். குழாய் போன்ற மெஷினுக்குள் அவளைத் தள்ளினார்கள். கதவுக்கு வெளியே டமடமவென்று சத்தம் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். முதுகெலும்பு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

“இது கீறல். குடல்ல இருக்குற காத்து மறைச்சிடும், எக்ஸ்ரேல இந்த இடம் சரியா தெரியாது. கர்ப்பப்பை எடுத்திருக்காங்களா?”

“சின்ன வயசுலயே, சினைப்பையோட சேத்து எடுத்துட்டாங்க,” என்றாள் அவள்.

“அதான் ஹார்மோன் நின்னுபோய் எலும்பு மெலிஞ்சிருக்கு.”

“இவரு கால் வச்சாரு டாக்டர். அதனாலயா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“முன்னாடியே இருந்திருக்கும்,” என்றார். நிச்சயமாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. கட்டுப் போட முடியாத இடமாம். மாத்திரையும் ஓய்வும்தான். பழையபடி நடப்பாளா என்று கேட்க வாயெடுத்தேன்; அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்க வேண்டும். தோளைப் பிடித்தால் இடுப்பு இழுக்கிறது. இடுப்பில் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

“எங்கயாச்சும் புடிங்க,” என்கிறாள்.

குனிந்தபடியே நிற்கிறேன்.