கேட்டுத் தீர்ப்புச் சொன்ன அம்பயர்

கோடை விடுமுறையில் ஒரு சாயங்காலம் மல்லாங்கிணற்றிலிருந்து வேன் பிடித்து, தாயில்பட்டிக்குக் கிரிக்கெட் ஆடப் போயிருந்தோம். அம்பயராக நின்றவர் அந்த ஊர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பவுடர் மின்னியது. சந்தேகம் வந்தால் மட்டை பிடிப்பவரிடமே கேட்பார். ஆடுபவர் சொல்வதுதான் தீர்ப்பு.

கடைசி ஓவரில் எங்களுக்கு மூன்று ரன் வேண்டும். கடைசி விக்கெட் நான். பந்து என் மட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு கீப்பர் கைக்குப் போனது. எல்லாரும் அவுட் கேட்டுக் கத்தினார்கள். அம்பயர் என்னைப் பார்த்தார்.

"பட்டுச்சா, தம்பி?"

"படல, அண்ணாச்சி."

அவர் விரலை உயர்த்தவில்லை. அடுத்த பந்தைப் பவுண்டரிக்கு விரட்டினேன். ஜெயித்துவிட்டோம்.

"சொந்த ஊரையே தோக்கடிச்சிட்டீகளே!" என்று அவர் ஊர்ப் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வைதார்கள். அவர் ஸ்டம்புகளைப் பிடுங்கினார்.

எனக்கு வேனில் இருப்புக் கொள்ளவில்லை. இறங்கிப் போய் அவர் காதருகே, "பட்டுச்சு அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும். சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் அவுட் குடுக்கல?"

"ஒங்ககிட்ட கேட்டுட்டேன்ல, தம்பி. கேட்டுட்டு நம்பலைன்னா எதுக்குக் கேக்கணும்?"

குரலில் கோபமே இல்லை. "வேன் கெளம்பப் போவுது, போங்க" என்றார்.

போய் ஏறிக்கொண்டேன். அவரிடம் சொன்னதை அந்தப் பையன்களிடம் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லச் சொல்லவில்லை. அவர் அதை ஏன் கேட்கவில்லை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.