அரைச் சுவரும் அவரைக் கொடியும்

ரயில் சிக்னலின் கைகாட்டி இறங்காத காலைகளில் எங்கள் வீட்டுப் பின்புறம் ரயிலில் வருகிற அத்தனை பேருக்கும் பொதுவாகிவிடும்.

திருவள்ளூர் மணவாள நகரில் தண்டவாளத்தை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தது அந்த வீடு. ஸ்டேஷனில் இடமில்லை என்றால் அரக்கோணம் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் எங்கள் வேலிக்கு நேராக வந்து நின்றுவிடும். எஞ்சின் பெருமூச்சு விடும். கதவோரம் நிற்கிறவர்கள் வாயில் வேப்பங்குச்சியோடு எங்கள் பூவரச மரத்தை, எங்கள் அடிபம்பை, கொடியில் காயும் எங்கள் துணியைப் பார்ப்பார்கள். அதில் கெட்ட எண்ணம்கூட இருக்காது. நிற்கிற வண்டியில் கண்ணுக்கு வேறு என்ன வேலை? ஆனால் அந்த அடிபம்பின் கீழே கிடந்த கல்லில்தான் என் மனைவி குளித்தாக வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. விடியுமுன் எழுந்து, புடவையைச் சுற்றிக்கொண்டே குளிப்பாள். பாசஞ்சருக்காவது ஒரு நேரம் உண்டு. கூட்ஸ் வண்டிக்கு அதுவும் கிடையாது. பாதி சோப்பில் சக்கரச் சத்தம் கேட்டால் சொட்டச் சொட்ட ஓடிவந்து சமையலறைக்குள் நிற்பாள். நான் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன்.

"போச்சா?"

"இல்ல. கை இறங்கல."

"நுர கண்ல எரியுது. நீங்களும் உங்க ஊடும் உங்க ரயிலும்."

ஒரு குளியலறை கட்டவேண்டும் என்று நான் நினைக்காத நாளில்லை. நினைப்பதில் நான் கெட்டிக்காரன். காக்களூரில் ஒரு பட்டறையில் எனக்குக் கடைசல் வேலை. பகலெல்லாம் இரும்பைச் சுழலவிட்டுச் சீவிவிட்டு, சைக்கிளில் வீடு திரும்பிய பிறகும் கை சுழன்றுகொண்டே இருக்கும். எதையாவது பிடிக்க வேண்டும் அதற்கு. அப்படிப் பிடித்ததில் வந்தவைதான் கதவில்லாத கோழிக்கூண்டு, ஒரு பக்கம் மட்டும் பூசிய துளசி மாடம், வாழை வைக்கத் தோண்டி வாழை வைக்காமல் தவளைகள் குடியேறிவிட்ட பள்ளம். ஒன்றை ஆரம்பிக்கிற சுகம் எனக்கு முடிப்பதில் இல்லை. பாதியில் இன்னொன்று கூப்பிடும், போய்விடுவேன்.

"இந்த ஊட்ல முழுசா கீறது நான் ஒருத்திதான்," என்பாள் என் மனைவி. "என்னையும் எதுனா பாதில உட்டுறாதீங்க."

அந்தச் சித்திரையில் செங்கல் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே சாந்து குழைத்து, நானே நூல் பிடித்து, பம்பைச் சுற்றி மூன்று பக்கம் எழுப்பினேன். சுவர் முழங்கால் உயரம் வந்தது. இந்த வேலையை முடித்துவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது.

அம்மா எங்களோடுதான் இருந்தாள். செய்தி காதில் விழுந்ததும் நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். முதலில் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என் கையிலிருந்த சாந்துக் கரணையை வாங்கினாள்.

"போதும். வச்சிடு."

"இன்னும் ஆள் ஒசரம் எழுப்பணும்மா."

"வவுத்துல ஒண்ணு எழும்பிக்கினு இருக்கசொல்ல வாசல்ல ஒண்ணு எழும்பக் கூடாது. குழி தோண்டக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. பெத்துப் பொழைக்கட்டும், அப்பால நீ மாடி வேணாலும் கட்டு."

"இதெல்லாம் ஒரு..."

"போன தபா இந்த பம்பு எறக்கசொல்ல இன்னா ஆச்சு?"

போன தடவை பம்புக்காகத் துளை போட்ட வாரத்தில்தான் மூன்று மாதக் கரு கலைந்தது. தண்ணீர் வந்தது, அது போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நான் நம்பவில்லை. இல்லையென்று அடித்துச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எரியாத அடுப்பை.

கரணை காணாமல் போயிற்று. அரிசி டிரம்முக்குள் அம்மா புதைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

முழங்கால் சுவர் இல்லாத சுவரைவிட மோசம். உட்கார்ந்தால் இடுப்பு மறையும். எழுந்தால் ரயிலுக்கே தெரியும். கட்டி முடிக்காத அந்தச் சுவருக்கு நடுவில் நிற்கும்போது யாரோ சட்டம் போட்ட படம் மாதிரி இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்று அவளே சொன்னாள். போதாததற்கு மசக்கை. விடியுமுன் எழுந்தால் தலை சுற்றுகிறது, குடல் புரட்டுகிறது. வெயில் வந்த பிறகுதான் உடம்பு சொன்னபடி கேட்கிறது. வெயில் வந்த பிறகு வண்டிகளும் வருகின்றன.

புடவையைக் கட்டிப் பார்த்தோம். வண்டி போகிற காற்றில் அது கொடியேற்றியது மாதிரி மேலே போய்விட்டது. ஓலைத் தட்டி வாங்கிவரக் கிளம்பினேன்.

"தட்டி நட்டா அதுவும் செவுருதான்," என்றாள் அம்மா. "ஓலச் செவுரு."

அன்று மாலை என் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"வளைகாப்பு வரிக்கும் என்னால ஆவாது. எங்க நைனாவுக்குச் சொல்லி அனுப்பறேன். பொதட்டூர்பேட்டைல எங்க ஊட்டு கெணத்தடிக்கு நாலு பக்கமும் செவுரு கீது. கதவு கீது. தாப்பா கீது."

"டாக்டரம்மா பஸ்ல போவக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க. அவங்க ஊட்ல பாத்ரூம் இருக்கும்."

திருவள்ளூரிலிருந்து அந்த ஊருக்குப் போகிற ரோடு எனக்குத் தெரியும். பள்ளத்துக்குப் பள்ளம் பஸ் தூக்கிப் போடும் ரோடு. போன தடவை நடந்ததை வைத்துத்தான் டாக்டரம்மா இந்தத் தடவை பிரயாணமே வேண்டாம் என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். இங்கே இருந்தால் மானம், அங்கே போனால் பிள்ளை. நடுவில் என் முழங்கால் சுவர். கை துறுதுறுக்கிறது, கரணை இல்லை. காலையில் பட்டறைக்குப் போகும்போது சுவரைப் பார்க்காமல் போகப் பழகினேன். பார்க்காவிட்டாலும் அது அங்கேயே நின்றது. மிஷினில் நிற்கும்போது மனது பம்படியில் நின்றது, பம்படியில் நிற்கும்போது தண்டவாளத்தில் ஓடியது.

ஒருநாள் பட்டறையில் கம்பிச் சுருள் அவிழ்த்தார்கள். அதைக் கட்டி வந்த மெல்லிய கம்பி தரையில் சுருண்டு சுருண்டு படர்ந்தது. கொடி மாதிரி. கேட்டு வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொடி செவுரா?"

"இன்னா கொடி?"

"அவரக் கொடி."

கரைத்த கை நின்றது. ஏதோ சூது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள்.

"கொடி செவுரு இல்ல. பயிரு."

"அப்ப போடலாமா?"

"ஆடி மாசம். வெத போடறத யாரு வாணாம்னா? அவளயே போடச் சொல்லு. ஆனா குழி கிழி தோண்டி கம்பம் நட்டே, அப்பால நான் பேஜாரு பண்ணுவேன்."

கம்பம் நடவில்லை. இருந்தவற்றையே பிடித்துக்கொண்டேன். ஒரு முனை பூவரச மரம், ஒரு முனை ஜன்னல் கம்பி, ஒரு முனை துணி காயப்போடும் பழைய கல்தூண். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. ஆணி கிடையாது, முடிச்சு மட்டும். அரைச் சுவரின் காலடியில் விரலால் மண்ணைக் கிளறி அவள் விதை போட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு காரியம் நடந்தது, யாரும் யாரிடமும் சொல்லாமல். அம்மா விடிந்ததும் சாணியைக் கரைத்து ஊற்றினாள். என் மனைவி அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். நான் சாயங்காலம் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். அவரவருக்கு அவரவர் அவசரம். அந்தச் செடி மூன்று வேளை விருந்து சாப்பிட்டது.

ஏறியது. அப்படி ஒரு ஏற்றத்தை நான் பார்த்ததில்லை. காலையில் ஒரு கம்பியைத் தொட்ட நுனி, நான் ஷிப்டு முடிந்து வருவதற்குள் அடுத்ததைப் பிடித்திருக்கும். என்னைப் போல அதற்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் என்னைப் போலப் பாதியில் விட்டுப் போகவில்லை. புரட்டாசியில் மூன்று பக்கமும் மூடி, கரும்பச்சையில் உள்ளங்கை உள்ளங்கையாய் இலை. உள்ளே வெயில் பச்சையாக விழுந்தது. நாலாவது பக்கம் வீட்டைப் பார்த்தது. அங்கே ஒரு புடவை போதும்.

அவள் வெயிலில் குளித்தாள். பாசஞ்சர் வந்து நின்றது. நான் ஜன்னலுக்கு ஓடினேன், பழக்கம். உள்ளேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. ஒரு செம்பு, இன்னொரு செம்பு, அவசரமே இல்லாமல். பொதட்டூர்பேட்டைப் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது.

ஐப்பசியில் அடுத்த வீட்டு அவரை மொக்கு வைத்தது. எங்களுடையது வைக்கவில்லை. அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, உங்க அவர ஆம்பளயா? எலயா உட்டுக்கினு கீதே."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா சிரிக்கவில்லை. முகம் இருண்டுவிட்டது. கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஊட்டம் மிஞ்சிய கொடி இலையிலேயே மதர்த்துவிடும் என்பது வயல்காட்டில் வளர்ந்த அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்போது அவள் கண்ணுக்கு அது பயிராகத் தெரியவில்லை.

மறுநாள் பார்த்தால் கொடியில் ஒரு பிய்ந்த செருப்பும் தேய்ந்த துடைப்பமும் தொங்கின. காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரச்செய்கிற வழி. ரோஷம் வந்து அது பூப்பதற்கு அம்மாவால் காத்திருக்க முடியவில்லை. இரண்டு நாளில் என்னைக் கூப்பிட்டாள்.

"எலய கிள்ளி எறிஞ்சாதான் பூ வைக்கும். முக்காவாசி எலய எடுத்துடணும். இல்லனா வேரோட புடுங்கிடு. புள்ளத்தாச்சி ஊட்ல மலட்டுக் கொடி நிக்கக் கூடாது."

"எலய எடுத்தா மறைப்பு போயிடும்மா."

"மறைப்பு பெருசா, புள்ள பெருசா?"

என் மனைவி எழுந்து வந்தாள். அவள் அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் எதிர்த்தாள் என்று சொல்ல முடியாது. துடைப்பத்தை மட்டும் அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"அத்த, எனக்கு இப்ப ஆறு மாசம். இப்பவே வந்து புள்ள எங்கடின்னு கேட்டீங்கன்னா நான் எத எடுத்து காட்டுவேன்?"

அம்மா குனிந்து துடைப்பத்தை எடுத்தாள்.

"அதுக்கு நேரம் வந்தா அது பூக்கும். இந்த எல போச்சுன்னா நான் நாளிக்கே பஸ் ஏறிடுவேன், அத்த. நெஜமா."

அந்தக் கொடி தையில், பனி இறங்கிய பிறகு, ஊதா ஊதாவாகப் பூத்தது. மாசியில் பெண் பிறந்தாள். ஆனால் அதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இருந்தது இலை மட்டும்தான், அதன் முன்னால் பயந்து நிற்கும் மூன்று பேர்.

காலையில் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு பம்படிக்குள் போனாள். நான் தடுக்கப் போனேன். என் மனைவி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. டிரங்குப் பெட்டி கட்டிலடியிலிருந்து வெளியே வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இலை கிள்ளும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அதற்குள் பாசஞ்சர் வந்து நின்றுவிட்டது. கை இறங்கவில்லை. கதவோரத்துக் கண்கள் வழக்கம்போல எங்கள் பக்கம் திரும்பின.

உள்ளே சத்தமே இல்லை. புடவை மறைப்பின் ஓரமாகப் பார்த்தேன். அம்மா இலைகளுக்கு நடுவே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவர்கள் தெரிந்தார்கள். அவர்களுக்கு அவள் தெரியவில்லை. கூடையைக் கவிழ்த்துக் கீழே வைத்தாள்.

பிறகு பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

சின்ன வயதிலிருந்து இருட்டிலேயே குளித்த மனுஷி அவள். ஏரியிலும் கால்வாயிலும் பம்படியிலும், புடவையோடு, கோழி கூவுமுன். வண்டி நின்றது, தண்ணீர் விழுந்தது. கை இறங்கி வண்டி போனது. அப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து அம்மா வெளியே வந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூடை காலி. எங்கள் இருவரையும் பார்க்காமல், பூவரச மரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த ஓரத்துல ஒரு சந்து கீது. இன்னொரு கம்பி ஒசத்திக் கட்டு. எனக்குத் தல தெரியுது."

கம்பி எடுக்க எழுந்தேன். பின்னால் என் மனைவி காலால் பெட்டியைக் கட்டிலடிக்குத் தள்ளும் சத்தம்.

"அத்த, சீக்கா அரைக்கட்டுமா? நாளிக்கும் குளிப்பீங்களா?"

"அர," என்றாள் அம்மா, தலையைத் துவட்டிக்கொண்டே. "ரெண்டு பேருக்குமா அர."