கழுநீர்த் தொட்டியில் சிவந்த தண்ணீர்

காலை 6.10. வேலூரில் பஸ் ஏறியபோது என்னிடம் ஒரு வலை, ஒரு வெப்பமானி, கொஞ்சம் கர்வம். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவன். கீழ்பென்னாத்தூரில் சாந்தி என்பவர் வண்ண மீன் வளர்க்கிறார். மீன்குஞ்சுகளுக்குத் தண்ணீரில் துள்ளும் நீர்த்தெள்ளுதான் தீனி. மார்கழியில் போனபோது, அவரிடமிருந்த பொடி இனத்தைவிட இது உசத்தி என்று என் ஆய்வகத்துப் பெரிய இனத்தைக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அது பாசியையெல்லாம் தின்று, பொடியைப் பட்டினி போட்டே ஒழித்துவிட்டதாம். போனில் கேட்டபோது பெருமை தாங்கவில்லை; அதை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

8.40. திருவண்ணாமலையில் பஸ் மாறினேன். இன்னும் இருபது கிலோமீட்டர். "இந்த வருசம் கத்திரி வெயில் ஜாஸ்திங்க," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். சும்மா தலையாட்டி வைத்தேன்.

9.50. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். சாந்தி நேரே தெள்ளு வளர்க்கும் சிமெண்ட் தொட்டிகளைக் காட்டினார். நான்கிலும் வெள்ளைப் படலம். தொட்டுப் பார்த்தேன். அத்தனையும் செத்த தெள்ளு. வெப்பமானியைத் தண்ணீரில் விட்டேன்: முப்பத்தாறு டிகிரி.

"வெயில் ஏற ஏற மூணு நாளா செத்துக்கினே வந்துச்சு சார். தீனி இல்லாம மீன்குஞ்சுங்க பாதி போயிடுச்சு. பழைய பொடிசு இருந்திருந்தா தாங்கியிருக்கும். அதத்தான் இது ஒழிச்சுட்டுதே."

கை கழுவப் பின்பக்கம் போனேன். மாட்டை விற்ற பிறகும் அரிசி களைந்த தண்ணீர் பழைய கழுநீர்த் தொட்டியில்தான் விழுகிறது. நாற்றம் தாங்கவில்லை. தண்ணீரோ ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"அதத் தொடாதீங்க சார், கெட்டுப்போச்சு. கவுத்துடப் போறேன்," என்று சாந்தி தொட்டியைப் பிடித்தார்.

"வேணாம்மா, இருங்க," என்று அவர் கையைத் தடுத்து, ஒரு கை அள்ளினேன். சிவப்புப் புள்ளிகள் துள்ளின. பொடி இனம்தான். மூச்சுக்காற்று குறைந்த தண்ணீரில் அதற்கு நிறம் அப்படி மாறும். சாந்தி எப்போதோ பொடி பிடித்த வலையை இங்கே அலசியிருக்கிறார். என் உசத்தி இனம் வெந்து செத்த அதே வெயிலில், அழுக்குத் தண்ணீரில், இது பல்கிப் பெருகியிருக்கிறது. வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, மீன் தொட்டியில் போட்டதும் மிச்சக் குஞ்சுகள் பாய்ந்து தின்றன. சாந்தி அப்போதுதான் உட்கார்ந்தார்.

மாலை 4.30. பஸ்ஸுக்குக் கிளம்பினேன். என் ஆய்வகத்தில் ஏசி ஓடுகிறது; அங்கே பன்னிரண்டு மாதமும் மார்கழிதான். அங்கே ஜெயித்ததை நம்பி ஒரு வீட்டுப் பிழைப்பில் கை வைத்துவிட்டேன். சாந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார்," என்றார். "இனிமே மார்கழில சொல்றத, சித்திரையிலயும் ஒருக்கா வந்து பாத்துட்டு சொல்லுங்க."